வேந்தர் வீட்டுச் சுயமதிப்பீடு

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர கிரேடு போடும் 'நாக்' குழு வரும் தேதி தெரிந்துவிட்டால் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் முதலில் வாங்குவது பெயின்ட். அடுத்தது பூந்தொட்டி. மூன்றாவதுதான் பேராசிரியர்கள். பெயின்டையும் தொட்டியையுமாவது விலை கொடுத்து வாங்குகிறார்கள். பேராசிரியர்கள் பெரும்பாலும் மூன்று நாள் வாடகை.

இவையெல்லாம் வந்து இறங்குவதற்கு முன்பே ஐ.க்யூ.ஏ.சி. (உள் தர உறுதிக் குழு) அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறிக்கை எழுதி அனுப்பியிருப்பார்கள். சுயமதிப்பீட்டு அறிக்கை என்று பெயர். நிறுவனம் தன் அகச்சூழலையும் புறச்சூழலையும் தானே அலசி ஆராய்ந்து, தன் பலம் என்ன, பலவீனம் என்ன, வாய்ப்பு என்ன, சவால் என்ன என்று மனசாட்சிப்படி அதில் எழுதித் தர வேண்டும். திருட்டு நடந்த வீட்டில் திருடனையே மகஜர் எழுதச் சொல்வது போன்ற ஏற்பாடு. 1994இல் 'நாக்' தொடங்கப்பட்டபோது இப்படி ஆகுமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனது ஆகிவிட்டது.

நான் சொல்லும் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் இருக்கலாம். நான்கைந்தைக் கலந்து கட்டியது. "இது எங்களைப் பற்றித்தான்" என்று யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வேன்.

இடம், நெடுஞ்சாலை ஓரம். ஒரு காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன ஓடையின் மேல் அலங்கார வளைவு. வளைவின் நெற்றியில் பெயர், லாரி டிரைவர் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் படிக்கிற அளவுக்கு. 'நிகர்நிலை' என்ற சொல் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அதைப் படிக்க வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போக வேண்டும். 2017இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நிகர்நிலை நிறுவனங்கள் 'பல்கலைக்கழகம்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றதும், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கடிதம் அனுப்பியதும், பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் நல்ல வேலை இருந்தது. பிறகு அடைப்புக்குறி வந்து எல்லோரையும் காப்பாற்றியது.

உள்ளே நுழைந்ததும் பிள்ளையார் கோயில். அதைத் தாண்டினால் நிறுவனருடைய தாயாரின் சிலை. சிலையைச் சுற்றிப் புல்தரை. வளாகத்தில் கோடையிலும் தவறாமல் தண்ணீர் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். விடுதியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அறிக்கையில் 'பலம்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: தொலைநோக்குள்ள நிர்வாகம். அதாவது, நிறுவனரான ஐயா வேந்தர். ஐயாவின் மூத்த மகன் இணைவேந்தர். இளைய மகன் வெளிநாட்டில் எம்.பி.ஏ. முடித்துத் திரும்பிய அன்றே முதன்மைச் செயல் அலுவலர். மருமகள் மாணவர் நல இயக்குநர். ஐயாவின் மைத்துனர் கொள்முதல் குழுத் தலைவர், அவருக்குக் கையெழுத்து மட்டும் நன்றாக வரும். துணைவேந்தர் என்று ஒருவர் உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓய்வு பெற்று வந்தவர், பெரிய படிப்பாளி. பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும், ஐயா வரும்போது எழுந்து நிற்பதும் அவருக்கு இடப்பட்ட பணி. இரண்டாவதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஆட்சிக்குழு எங்கே கூடுகிறது, எப்போது கூடுகிறது என்று கேட்காதீர்கள். ஐயா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தால் கோரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஐயாவுக்குக் 'கல்வித் தந்தை' என்று பட்டம். எண்பதுகளின் நடுவில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது பிறந்த வம்சம் அது. அதற்கு முன்னால் தந்தை என்ன செய்துகொண்டிருந்தார் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரு பக்கம் சாராயக்கடை ஏலம், ஒரு பக்கம் செங்கல் சூளை, இன்னொரு பக்கம் வட்டிக்கடை. இவற்றில் எதையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. செங்கல் சூளையில் போட்ட காசுக்கு செங்கலாவது கிடைத்தது.

கல்வி நிறுவனத்தை லாபத்துக்காக நடத்தக் கூடாது என்பதுதான் இன்றைக்கும் சட்டம். 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தை வளர்ப்பதற்கு நியாயமான உபரி இருக்கலாம், கேப்பிட்டேஷன் என்கிற நன்கொடைக் கட்டணமும் லாப வேட்டையும் கூடாது என்றது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1992இல், தமிழ்நாடு அரசு கேப்பிட்டேஷனைத் தடை செய்து தனிச் சட்டம் போட்டிருந்தது. நம் ஐயா சட்டத்தை மதிப்பவர். அவர் லாபம் எடுப்பதில்லை, வாடகை எடுக்கிறார். நிலம் அம்மா பெயரில், அறக்கட்டளை அதற்கு மாத வாடகை கட்டும். கட்டடம் கட்டியது மாப்பிள்ளையின் கம்பெனி. பேருந்துகள் மைத்துனர் பெயரில். கேன்டீன், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம், விடுதிக்கு வரும் அரிசி, தண்ணீர் லாரி எல்லாம் ஆளுக்கு ஒன்று. அறக்கட்டளையின் வரவுசெலவைப் பார்த்தால் பாவம், ஆண்டுதோறும் நஷ்டம். இவ்வளவு நஷ்டத்திலும் இரண்டாவதாக ஒரு மருத்துவக் கல்லூரிக்கு நிலம் வளைக்கிற தியாகம் யாருக்கு வரும்?

'பலவீனம்' என்ற தலைப்புக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தன் பலவீனமாக அந்த நிறுவனம் எழுதுவது இது: "மாணவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தைச் சேர்ந்த முதல் தலைமுறையினர் என்பதால் ஆங்கிலத் தொடர்புத் திறன் குறைவாக உள்ளது."

படித்துப் பாருங்கள். நகையை அடகு வைத்து, அரை ஏக்கரை விற்று, வங்கியில் கல்விக்கடனுக்காகச் செருப்புத் தேய அலைந்து, கேட்ட பணத்தை முழுதாகக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அந்தப் பல்கலைக்கழகத்தின் பலவீனமாம். அந்தப் பிள்ளையின் பணத்தில் பூசிய சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளையையே குறையாக எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! மேடை கிடைத்தால் இதே ஐயா மாற்றிப் பேசுவார்: "கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்தவர்கள் நாங்கள்." தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 என்ற 2021-22ஆம் ஆண்டுக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லுவார். சுயநிதிக் கல்லூரிகளின் வழியாகப் படித்து மேலே வந்த குடும்பங்கள் ஆயிரமாயிரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் அடியில் கிடப்பது அந்தக் குடும்பங்களின் நகைக்கடன் ரசீது. அதை ஏன் இவர் தன் கொடைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்?

அறிக்கையில் வராத பலவீனம் ஒன்று உண்டு. அது வகுப்பில் நின்றுகொண்டிருக்கிறது. யு.ஜி.சி. விதித்த ஊதியத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நம் ஆசிரியர் கையில் வாங்குவதில் அதில் பாதி இருந்தாலே அதிர்ஷ்டம். சில இடங்களில் வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் விழும். ஏ.டி.எம். கார்டு மட்டும் அலுவலகத்தில் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "அடடா, ஏழாவது ஊதியக் குழு!" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அவருடைய அசல் சான்றிதழ்களும் அலுவலகத்து பீரோவில்தான். வேலையில் சேரும் அன்றே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது, நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பீரோவின் காதில் விழவில்லை. நடுவில் வேலையை விட்டுப் போக வேண்டுமென்றால் மூன்று மாதச் சம்பளத்தை வைத்துவிட்டுச் சான்றிதழை மீட்டுப் போக வேண்டும். ஐயாவின் பழைய தொழில் வட்டிக்கடை என்பதைச் சில விஷயங்களில் அவர் மறப்பதே இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் இந்த முனைவர்கள் கையில் நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராக அலைவார்கள். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று இலக்கு. பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் செல்பேசி எண்கள் எங்கிருந்தோ கட்டுக்கட்டாக வந்து சேரும். வெப்பவியலில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், பங்குனி வெயிலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணே, பையனுக்கு நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்ணே" என்று பொய் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. இலக்கை எட்டாதவருக்கு ஜூன் மாதச் சம்பளம் ஆகஸ்டில்.

இருக்கிற ஆசிரியர்கள் கதை இது. இல்லாத ஆசிரியர்களின் கதை 2024 ஜூலையில் சந்திக்கு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று கணக்கில் காட்டப்பட்டிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரத்தோடு வெளியிட்டது. 224 கல்லூரிகள், 353 ஆசிரியர்கள். பத்துக் கல்லூரிகளுக்கு மேல் முழுநேரமாகப் பாடம் நடத்திய மகானும் அவர்களில் உண்டு. பல்கலைக்கழகமே விசாரித்துவிட்டு, சுமார் 2,000 பணியிடங்களை 189 பேரே நிரப்பியிருந்தார்கள் என்றது. ஆய்வுக்குழு ஒவ்வொரு கல்லூரியாகப் போய்த்தானே அனுமதி தந்தது, அப்போது கண்ணில் படவில்லையா என்று கேட்டால், பட்டிருந்தால் குழுவில் இருந்திருப்பார்களா? அது இணைப்புக் கல்லூரி. தட்டிக் கேட்கத் தாய்ப் பல்கலைக்கழகம் என்று ஒன்றாவது இருந்தது. நிகர்நிலையில் பாடத்திட்டம் போடுவதும் கேள்வித்தாள் எடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் பட்டம் கொடுப்பதும் ஒரே வீடு. மாநிலக் கட்டண நிர்ணயக் குழுவின் கையும் அந்த வாசலுக்கு எட்டாது.

குழு வருவதற்கு முந்தின இரண்டு மாதங்களில் உள்ளே நடப்பதை ஒருவர் கூடவே இருந்து எழுதினால் நல்ல நாவல் கிடைக்கும். 'நாக்'குக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு வேண்டும். நடத்திய கருத்தரங்குகள், பட்டறைகள், விழிப்புணர்வு முகாம்கள் எல்லாவற்றுக்கும் இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் வேண்டும். நடத்தவே இல்லையே? அதற்கென்ன, இப்போது நடத்திவிடலாம். ஒரு சனிக்கிழமை கருத்தரங்கக் கூடத்தில் அறுபது மாணவர்களை உட்கார வைக்கிறார்கள். மேடையில் ஃபிளெக்ஸ்: 'பெண்கள் தொழில்முனைவு - தேசியக் கருத்தரங்கு'. கிளிக். ஃபிளெக்ஸை இறக்கி அடுத்ததை மாட்டுகிறார்கள்: 'அறிவுசார் சொத்துரிமை'. முன்வரிசைப் பையன்கள் பின்வரிசைக்குப் போக வேண்டும், மேடையில் இருக்கிற சார் கோட்டைக் கழற்ற வேண்டும். கிளிக். 'மனநலமும் மாணவர்களும்'. மூன்று மணி நேரமாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருக்கிறாள். படத்துக்கு மிகப் பொருத்தம். கிளிக். தேதியை மாற்றித் தருவதற்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை இருக்கிறது. அந்தத் துறையின் செய்முறைக் கல்வி அவ்வளவுதான்.

அடுத்த அறையில் கூட்டக் குறிப்புகள் தயாராகின்றன. ஐந்து வருடத்துக் குறிப்புகளை ஓர் இரவில் எழுத வேண்டும். அதனால் வேறு வேறு பேனாக்கள். "2021க்கு நீல மை போடுங்க சார், போன தடவை எல்லாத்துக்கும் ஒரே ஜெல் பேனா போட்டு மாட்டிக்கிட்டோம்" என்று அனுபவசாலி ஒருவர் சொல்லித் தருகிறார். கீழே மாணவர்களுக்கு ஒத்திகை.

"சாப்பாடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"ராத்திரி எட்டு மணி வரைக்கும் சார்."

"ஏதாவது குறை இருக்கா?"

"குறையே இல்ல சார்."

கேட்டவருக்குத் திருப்தி. லைப்ரரி எந்த மாடியில் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. மாலையில் கலைநிகழ்ச்சி. ஆடுகிறவர்களுக்கு வருகைப்பதிவு 75 சதவீதமாக்கித் தரப்படும். வருகை குறைந்த மற்றவர்கள் அதற்கும் ஒரு கட்டணம் கட்டிவிட்டுத் தேர்வு எழுதலாம்.

'வாய்ப்பு' பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இந்த ஆண்டு வாய்ப்புக்குப் பெயர் செயற்கை நுண்ணறிவு. 2024-25 முதல் நன்றாகச் செயல்படும் நிறுவனங்களுக்கு மாணவர் எண்ணிக்கையின் உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது. நன்றாகச் செயல்படுவதற்கு என்ன சான்று? 'நாக்' கிரேடும் அதுபோன்ற காகிதங்களும். மெக்கானிக்கலும் சிவிலும் காற்று வாங்க, ஏ.ஐ. வகுப்பில் பிரிவுக்குமேல் பிரிவு. பாடம் நடத்துவது யார்? ஆள் சேராததால் உபரியாகிப்போன அதே மெக்கானிக்கல் சார்தான். ஆறு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் சாட்ஜிபிடியிடம் கேட்டு நடத்துகிறார், பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறார்கள். அந்த வகுப்பில் யாராவது எதையாவது கற்கிறார்கள் என்றால் அது சாட்ஜிபிடியாகத்தான் இருக்கும்.

கடைசித் தலைப்பு 'சவால்'. புறச்சூழல் இங்கேதான் வருகிறது. "மாறிவரும் அரசுக் கொள்கைகள், ஒழுங்குமுறை அமைப்புகளின் கட்டுப்பாடுகள்" என்று எழுதுவார்கள். புறம் என்று ஒன்று இருக்கிறதாக ஐயா நம்பவே மாட்டார், ஆனாலும் எழுதுவார். நடந்ததைச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ++ கிரேடு வாங்க லஞ்சம் கைமாறியது என்று சி.பி.ஐ. பத்துப் பேரைக் கைது செய்தது. 37 லட்சம் ரொக்கம், ஆறு லேப்டாப், ஓர் ஐபோன் பிடிபட்டன. கைதானவர்களில் 'நாக்' ஆய்வுக்குழுவின் தலைவரும் உண்டு. அவர் யார்? ஜார்க்கண்டில் இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு மார்க் போட இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை அனுப்புகிற ஏற்பாட்டுக்கு எந்த விசாரணையும் தேவையில்லை. அது விதிப்படியே நடந்தது. இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2023 மார்ச்சில், 'நாக்' நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தனே முறைகேடுகளைச் சுட்டிக்காட்டிவிட்டுப் பதவி விலகினார். வீட்டுக்காரரே வெளியே வந்து கத்தியபோதும் தெருவில் ஒரு ஜன்னல் திறக்கவில்லை.

நம் சட்டமன்றத்துக்கும் வருவோம். தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகச் சட்டம் 2019இல் வந்தது. அதன்படி தனியார் பல்கலைக்கழகம் தொடங்க நூறு ஏக்கர் வேண்டும். 2025 அக்டோபரில் ஒரு திருத்த மசோதா வந்தது: மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் போதும், நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, அப்படியே தனியார் பல்கலைக்கழகமாக மாறலாம் என்றது அந்த மசோதா. அதாவது அரசு சம்பளம் கொடுத்து, ஏழைப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படித்த இடத்தை ஒரு குடும்பத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒரு படிவம் போதும். மூன்றே நாளில் அவை நிறைவேற்றியது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்த பிறகு, அதே மாதத்தில், மறு ஆய்வு செய்வதாக அமைச்சர் சொன்னார். கல்லூரி நடத்துகிற அரசியல்வாதிகளும் அரசியல் நடத்துகிற கல்லூரிக்காரர்களும் எல்லாக் கட்சியிலும் இருக்கிற ஊரில் புறச்சூழலை அலச எதற்கு நிபுணர்? ஐயாவின் சம்பந்தி வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலே போதும்.

இந்த நோய் என்னவென்று தெரியாமலும் இல்லை. 2009இல் மத்திய அரசு அமைத்த டாண்டன் குழு நாட்டின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து, 44 நிறுவனங்கள் அந்தத் தகுதிக்கே லாயக்கில்லை என்றது. கல்வியாளர்கள் கையில் இருக்க வேண்டிய நிர்வாகம் குடும்பங்களின் கையில் இருக்கிறது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. பட்டியலில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. அந்தஸ்தைத் திரும்பப் பெறப்போவதாக 2010 ஜனவரியில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. வழக்கு நடந்தது, மறு ஆய்வு நடந்தது, மறு ஆய்வுக்கு மறு ஆய்வு நடந்தது. அந்த 44இல் பெரும்பாலானவை இன்றைக்கும் பட்டமளிப்பு விழா நடத்திக்கொண்டிருக்கின்றன. சிலவற்றுக்கு 'நாக்' பிறகு ஏ கிரேடும் கொடுத்தது.

ஆகவே வரும் ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கக் கிளம்புகிற பெற்றோரே, வளைவில் எழுதியிருக்கும் கிரேடைப் படிக்க வேண்டாம். ஏ.சி. அறையில் காபி கொடுத்துப் பேசுகிற ஆளிடம் பிளேஸ்மென்ட் பற்றியும் கேட்க வேண்டாம். அட்மிஷன் பிடிக்க உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒருவர் வருவாரே, அவரைத் தனியாக உட்கார வைத்து ஒரு சொம்பு மோர் கொடுங்கள். கொடுத்துவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா சார்? உங்கள் அசல் சர்டிஃபிகேட் இப்போது எங்கே இருக்கிறது? அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனால் பணத்தைக் கட்டாதீர்கள்.